'உச்சு' ஒலி மொழிகளும் மகாராஷ்டிரத்தின் நிஹாலியும்: உறவு அறியப்படாத மொழிகள் – ஒரு விளக்கம்

புனே: ஆப்பிரிக்காவின் கொய்சான் மொழிகளுக்கும், மகாராஷ்டிர மாநிலம் புல்டாணா மாவட்டத்தில் பேசப்படும் நிஹாலி மொழிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. எனினும், ஒரு மொழிக்கு உறவுமொழி எதுவும் அறியப்படாத நிலையில் அதன் வரலாற்றை எவ்வாறு அறிவது, அது மறைந்தால் எதை இழக்கிறோம் என்ற கேள்விகளை இரண்டுமே எழுப்புகின்றன.

'கிளிக்' ஒலி என்றால் என்ன?

பிறர் துயரத்தைக் கேட்டதும் நாம் 'உச்சு' கொட்டுகிறோம். நாக்கின் நுனியை மேற்பல்லின் பின்புறம் ஒட்டிச் சட்டென்று விலக்கும்போது அந்த ஒலி பிறக்கிறது. தமிழில் இது இரக்கத்தின் குறிப்பு மட்டுமே. எந்தச் சொல்லிலும் இடம்பெறாது. கொய்சான் மொழிகளிலோ இது 'க', 'த' போலச் சொற்களை ஆக்கும் மெய்யொலியாகும்.

பொதுவாக, நுரையீரலிலிருந்து வெளியேறும் காற்றைக் கொண்டே மொழியொலிகள் பிறக்கின்றன. கிளிக் ஒலியில் பின்நாக்கு அண்ணத்தின் பின்பகுதியையும், முன்நாக்கு பல்லையோ முன் அண்ணத்தையோ அடைக்கின்றன. நாக்கு தாழும்போது இடையில் சிக்கிய காற்றின் அழுத்தம் குறைகிறது. முன்னடைப்பு திறந்தவுடன் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து ஒலி எழுகிறது. உதடுகளாலும் இதை எழுப்பலாம். பிறப்பிடத்தைக் கொண்டு இவ்வொலிகள் 5 அடிப்படை வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன.

அண்டை மொழிகளும் இவ்வொலிகளைக் கடன் பெற்றுள்ளன. பாண்டு குடும்பத்தைச் சேர்ந்த சூலு, கோசா ஆகியவை இதற்குச் சான்று. நெல்சன் மண்டேலாவின் தாய்மொழியான கோசாவின் பெயரே, குதிரையை ஓட்டுவோர் கடைவாயில் எழுப்பும் ஒலியைப் போன்றதொரு கிளிக் ஒலியுடன் தொடங்குகிறது.

ஒரே குடும்பமா?

அமெரிக்க மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க், 1963-இல் வெளியான தமது நூலில் இம்மொழிகளை ஒரே குடும்பமாக வகைப்படுத்தினார். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. தென்பகுதி மொழிகளை மூன்று தனிக் குடும்பங்களாகப் பிரிக்கின்றனர். தான்சானியாவின் ஹட்சா, எக்குடும்பத்திலும் சேராத தனிமொழியாகக் கருதப்படுகிறது. ஒலி ஒற்றுமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது என்பதே இதன் சாரம்.

நிஹாலியின் நிலை

இந்தியாவில் இத்தகைய தனிமொழியாகக் கருதப்படுவது நிஹாலி. புல்டாணா மாவட்டத்தின் ஜள்காவ் ஜாமோத் வட்டாரத்திலும், அதையொட்டிய மத்தியப் பிரதேசப் பகுதிகளிலும் சுமார் 2,000 பேர் இதைப் பேசுவதாக மதிப்பிடப்படுகிறது. அண்டை மொழியான கொர்க்குவிலிருந்து ஏராளமான சொற்கள் இதில் கலந்துள்ளன. திராவிடச் சொற்களும் உண்டு. இரண்டு, மூன்று, நான்கு ஆகியவற்றுக்கான 'இரார்', 'மோத்தோ', 'நாலோ' என்ற சொற்கள் தமிழ்க் காதுக்கு அந்நியமாக ஒலிக்கமாட்டா. ஆனால் கடன் சொற்களை நீக்கிய பின்னும், சொற்தொகுதியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிற்கு மூலம் தெரியவில்லை என்பதை டச்சு அறிஞர் கைப்பர் 1962-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. இப்பகுதியில் முன்னர் வழங்கிய, இன்று மறைந்துவிட்ட ஏதோவொரு மொழியின் எச்சமாக அச்சொற்கள் இருக்கலாம்.

புனேயின் டெக்கான் கல்லூரி மொழியியல் துறை இம்மொழியை ஆவணப்படுத்துவதில் முக்கியப் பங்காற்றியுள்ளது. அத்துறையைச் சேர்ந்த கே.எஸ்.நாகராஜா எழுதிய நிஹாலி பற்றிய நூலை, மைசூருவிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 2014-இல் வெளியிட்டது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 10,000-க்கும் குறைவானோர் பேசும் மொழிகள் தனியே பட்டியலிடப்படுவதில்லை. எனவே நிஹாலி அங்கு 'பிற' என்ற தொகுப்பில் அடங்கிவிடுகிறது. சந்தையிலும் பள்ளியிலும் கூலி வேலையிலும் மராத்தியும் இந்தியுமே பயன்படுவதால், வீட்டுக்கு வெளியே நிஹாலிக்கு இடம் சுருங்கிவிட்டது.

ஆவணம் காத்தது எதை?

தென்னாப்பிரிக்காவின் 'காம்' என்ற கொய்சான் மொழியை இன்று பேசுவோர் எவருமில்லை. ஆயினும், 1870 முதல் வில்லெம் பிளீக், லூசி லாயிட் ஆகியோர் கேப் டவுனில் அம்மொழி பேசியோரிடம் கேட்டு எழுதிய குறிப்பேடுகள் எஞ்சின. 2000-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட தென்னாப்பிரிக்க அரசுச் சின்னத்தின் முழக்கம் அம்மொழியிலேயே அமைந்தது. ஆவணம் சொற்களைக் காத்தது. பேசுவோரைக் காக்க இயலவில்லை.

நிஹாலியைப் பேசுவோர் இன்னும் இருக்கின்றனர் என்பதே வேறுபாடு. 10,000-க்கும் குறைவானோர் பேசும் மொழிகளை ஆவணப்படுத்த மத்திய அரசு 2013-இல் தனித் திட்டம் தொடங்கியது. யுனெஸ்கோவின் மிக மோசமான அழிவு அபாயத்திலுள்ள மொழிகள் பட்டியலில் மகாராஷ்டிரத்திலிருந்து நிஹாலி இடம்பெற்றுள்ளது. அதே பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை, நீலகிரியில் வழங்கும் தோடாவும் கோத்தாவும்.