வரைகலைப் பொறியின் ஒலிப்பிறப்பு

எழுத்துக்களின் இயல்பை ஆராயப் புகுந்த தொல்காப்பியனார், அவை பிறக்குமாற்றைத் தனியோர் இயலாகவே வகுத்துரைத்தார். உந்தியினின்று எழுங் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலியாகின்றது என்பது அவர் கண்ட முறை. ஓர் ஒலியை அறிதலாவது அதன் பிறப்பிடத்தையும், அதனைப் பிறப்பிக்கும் முயற்சியையும் அறிதலே என்பது இதனாற் போதரும். இம்முறை மக்கள் மிடற்றொலிக்கு மட்டும் உரியதன்று. நம் மேசைமேலிருக்கும் கணிப்பொறி எழுப்பும் ஒலியை அறிதற்கும் இது பெரிதும் துணைபுரியும்.

கடலூர், சிதம்பரம் முதலிய நம் ஊர்களில் இக்காலத்து மாணவர் பலர் கணிப்பொறியைப் படிப்பிற்கும், படத்தொகுப்பிற்கும், விளையாட்டிற்கும் கையாளுகின்றனர். கடுமையான வேலையொன்றை ஏவியவுடன், சிற்சில பொறிகளினுள்ளிருந்து சிள்வண்டின் இரைச்சலை ஒத்த கூரிய ஒலி எழுவதுண்டு. பெற்றோர் அரிதின் ஈட்டிய பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டு பழுதாயிற்றோ என்று அப்பொழுது உள்ளங் கலங்கும். அச்சத்தால் நற்பொருளைக் குறைந்த விலைக்கு விற்பாரும் உளர். மெய்யான பழுதின் ஒலியைக் கேட்டும் வாளாவிருந்து பொருளிழப்பாரும் உளர். ஆதலின் அவ்வொலியின் பிறப்பை ஈண்டு ஆராய்வாம்.

கிராபிக்ஸ் கார்டு என்பது திரையிற் காணும் உருவங்களைக் கணித்து வரையும் அட்டையாகும். அதன் நடுவே ஜி.பி.யூ. எனப்படும் சில்லு உளது. 1999-ஆம் ஆண்டு என்விடியா நிறுவனத்தார் தம் ஜிபோர்ஸ் 256 என்பதனை இப்பெயரால் விளம்பரஞ் செய்த பின்னரே இச்சொல் உலகிற் பரவிற்று. அந்நிறுவனத்தாரே 2022-ல் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 4090 என்பதற்கு வகுத்த மின்னளவு 450 வாட். இது நம் வீட்டுக் கூரையிற் சுழலும் 75 வாட் மின்விசிறிகள் ஆறினுக்குப் போதியதாம். அட்டைக்கு வந்துசேரும் மின்னழுத்தம் 12 வோல்ட். சில்லு வேண்டுவதோ ஏறத்தாழ 1 வோல்ட். 300 வாட் ஆற்றலை 1 வோல்ட்டிற் செலுத்தவேண்டின் 300 ஆம்பியர் மின்னோட்டம் பாய்தல் வேண்டும். இத்துணைப் பெருமின்னோட்டத்தை அடக்கிச் சீர்ப்படுத்தும் உறுப்புக்களே ஒலியின் முதற் பிறப்பிடமாம்.

அவற்றுள் ஒன்று கம்பிச்சுருள். சுருளில் மின்னோட்டம் ஏறியும் இறங்கியும் பாயுங்கால் அதன் காந்தப்புலமும் அவ்வாறே மாறும். அதனாற் சுற்றுக்கள் ஒன்றையொன்று இழுத்தும் விட்டும் நுண்ணிதாக அசையும். காந்தப் பொருள்கள் காந்தமேறும்பொழுது தம் அளவிற் சிறிதே மாறுபடும் என்பதனை ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் 1842-ல் கண்டறிந்தார். சுருளின் உள்ளகமும் அங்ஙனமே நீண்டுஞ் சுருங்கியும் அதிரும். மற்றொன்று பீங்கான் வகை மின்தேக்கி. அதுவும் மின்னழுத்தம் மாறுந்தோறும் உருவிற் சிறிது திரியும் இயல்பினது. இவ்விரண்டன் அதிர்வையே கடைக்காரர் பொதுவிற் ‘காயில் வைன்’ என வழங்குவர்.

இதற்கு நம் தெருவிலேயே சான்றுண்டு. நெய்வேலி அனல்மின் நிலையம் 1962-ல் மின்னாக்கந் தொடங்கிய காலந்தொட்டு நம் மாவட்டத்தார் அறிந்த டிரான்ஸ்பார்மரின் முரற்சியும் இவ்வினத்ததே. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையும். அலைவொன்றுக்கு இருமுறை உள்ளகம் அதிர்தலின், நொடிக்கு 100 அதிர்வுடைய தாழ்ந்த ஒலி பிறக்கின்றது. அம்முரற்சி கேட்டு எவரும் மின்மாற்றி பழுதென்று அஞ்சுவதில்லை.

ஈண்டு ஓர் ஐயம் எழும். அட்டையிலுள்ள மின்சீராக்கி நொடிக்குப் பல இலக்கம் முறை மின்னைத் திறந்து மூடுவது. மக்கட் செவியோ நொடிக்கு 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளையே கேட்கவல்லது. ஆயின் அவ்வொலி செவிக்குப் புலனாவது எங்ஙனம்? சில்லின் வேலை ஒரே சீராக நிகழாமையே காரணம். ஒரு படத்தை வரையும்பொழுது மின்னோட்டம் உயர்ந்து, வரைந்து முடிந்தவுடன் தாழும். விளையாட்டின் முகப்புப் பக்கம் போன்ற எளிய காட்சியில், கட்டுப்பாடு இன்றேல் பொறியானது நொடிக்கு ஆயிரக்கணக்கான படங்களை வரைந்து தள்ளும். 2,000 படம் வரையின் மின்னோட்டம் 2,000 முறை ஏறி இறங்கும். அது செவி நன்கு கேட்கும் எல்லையுள் அடங்கியதன்றோ? கடிய காட்சியினும் எளிய முகப்பில் ஒலி மிகுவதன் மருமம் இதுவே. படங்களின் எண்ணிக்கையை 60 என வரையறுப்பின் அக்கூரொலி பெரும்பாலும் தணியும்.

இனி, சிறு சுருளின் அசைவு அறை முழுதுங் கேட்பதெங்ஙனம் எனின், யாழின் பத்தர் நரம்பொலியைப் பெருக்குமாறுபோல, சுருள் பொருந்திய பலகையும் பெட்டியின் தகடும் அதிர்வை ஏற்றுப் பெருக்குகின்றன. சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931-ல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த விபுலாநந்த அடிகள் அறிவியற் பட்டமும் பெற்றவர். 1947-ல் வெளிவந்த தம் ‘யாழ் நூ’லில் அவர் பண்டை இசையைக் கணிதங்கொண்டும் ஆராய்ந்தமை, ஒலியாராய்ச்சி தமிழ் மாணவர்க்கு அயலன்று என்பதனைக் காட்டும்.

பிறிதொன்றும் கருதற்பாலது. ஆண்டு முதிருந்தோறும் உயர்ந்த ஒலியைக் கேட்கும் ஆற்றலே முதற்கண் குன்றும். ஆகவே, மகன் “ஒலிக்கின்றது” என, தந்தையார் “ஒன்றுமில்லை” என்பாராயின், இருவரும் மெய்யே உரைத்தாராவர். செவி வேறாதலை அறியாது ஒருவரையொருவர் பொய்யரெனக் கொள்ளுதல் தகாது.

இதுகாறுங் கூறியது தீங்கற்ற ஒலி. தீங்குடையதும் உண்டு. விசிறியிற் பிறக்கும் கரகரப்பும், இடையிட்ட தட்டொலியும், தேய்ந்த பேரிங்கையோ இதழில் உராயுங் கம்பியையோ உணர்த்தும். தூசியும் கடற்காற்றின் உப்பும் படியும் ஊர்களில் இதனை மறத்தலாகாது. விசிறி நின்றால் சில்லு வெதும்பும். விசிறியின் ஒலி அதன் சுழற்சி வேகத்தோடு மாறும். சுருளின் ஒலி வேலை நின்ற கணமே நிற்கும். இதுவே இரண்டனையும் பிரித்தறியும் எளிய வழி. வெடிப்பொலியோ கருகல் நாற்றமோ தோன்றின் உடனே மின்னிணைப்பை நீக்குக. செவியொன்றனையே நம்பியிருத்தலும் ஆகாது. 2022-ல் மேற்சொன்ன 4090 அட்டைகள் சிலவற்றின் மின்னிணைப்பி உருகியமை பல நாடுகளில் அறியப்பட்டது. இணைப்பி முழுதும் பொருந்தியுளதா எனக் கண்ணாலும் காண்க.

சுருளின் ஒலியைப் பழுதெனக் கொள்ளாத நிறுவனங்கள் பல. ஆதலின் வாங்கும் நாளிலேயே பொறிக்குக் கடிய வேலை தந்து செவிகொடுத்துக் கேட்டல் நன்று. பிறப்பிடம் அறிந்தார்க்கு வீணச்சமும் இல்லை, வீண்செலவும் இல்லை.