பத்தமடைப் பாயில் படுத்துப் பார்த்தீர்களா?

ஜப்பானில் பனிக்காலம் வந்தால் குடும்பமே ஒரு தாழ்ந்த மேசையைச் சுற்றித் தரையில் உட்கார்ந்துவிடும். மேசைக்கு அடியில் சூடேற்றும் கருவி, மேலே கனத்த போர்வை, அதற்குள் எல்லோருடைய காலும். கோடட்சு என்று பெயர். முன்பு கரி நெருப்பு. 1950களின் கடைசியிலிருந்து மின்சாரம். பழைய பாணி வீடுகளில் அதற்குக் கீழே கிடப்பது, கோரை மாதிரியான இகுசாத் தட்டையில் நெய்த தாதாமி விரிப்பு.

அங்கே சூடு சுகம் என்றால், நம் ஊர் வெயிலுக்குக் குளிர்ச்சிதான் சுகம். அந்தச் சுகத்தைத் தாமிரபரணிக் கரையிலுள்ள பத்தமடையில் கோரைப் பாயாகக் கையாலேயே நெய்கிறார்கள்.

அறுத்த கோரையை நீளவாக்கில் கீறிக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஊறி உப்பியதும் உள்ளிருக்கும் சோற்றைக் கத்தியால் வழித்தெடுத்துவிட்டு, மேல்தோலை மட்டும் மெல்லிய இழையாகக் கிழிப்பார்கள். தரையோடு தரையாகக் கட்டிய தறியில் பருத்தி நூல் பாவு. நெய்பவர்களில் பெரும்பாலானோர் லெப்பை முஸ்லிம் பெண்கள். நெய்த பாய்மேலேயே உட்கார்ந்து, நீளக் குச்சியின் நுனியில் கோரையைக் கோத்துப் பாவுக்குள் செலுத்தி, அச்சை இழுத்து அடிக்கிறார்கள். நயமான பட்டுப்பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். விரலால் தடவினால் துணியா கோரையா என்று சந்தேகம் வரும்.

1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனதை ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. எனக்குக் கவலையே இந்தப் பெருமைதான். மணமக்கள் பெயர் போட்டு நெய்த கல்யாணப் பாய் நேராகப் பீரோவுக்குப் போகிறது. மிச்சம் சுவரில் தொங்குகிறது, கைப்பையாகிறது. படுக்க மட்டும் யாரும் விரிப்பதில்லை. முதுகில் கோரை பட்டே வளராத பிள்ளைகள், நாளைக்கு நயம் பாய்க்கும் மட்டப் பாய்க்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அது தெரியாதவரிடம் நெய்கிறவர் எந்தத் தைரியத்தில் கூலி கேட்பார்?

பிளாஸ்டிக் பாய் மலிவு, தண்ணீர் ஊற்றிக் கழுவலாம் என்கிறார்கள். வாஸ்தவம்தான். கரண்ட் போன ராத்திரியில் அதில் படுத்தால் வியர்வையில் முதுகு ஒட்டிக்கொள்ளும். கோரை வியர்வையை வாங்கிக்கொள்ளும். இழை இடுக்கில் காற்றும் நுழையும்.

கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். ஈரம் பட்டால் நிழலில் உலர்த்தி, மடிக்காமல் சுருட்டி வைத்தால் பல வருஷம் உழைக்கும். பட்டுப்பாய்க்கு வசதி இல்லாவிட்டால் சாதாரணக் கோரைப் பாயும் அதே ஊரில் நெய்கிறார்கள், அதை வாங்குங்கள். வீட்டில் கல்யாணப் பாய் இருக்கிறதென்றால் இந்தச் சித்திரையிலாவது பீரோவிலிருந்து எடுத்து விரித்துப் படுங்கள்.