கணினி மென்பொருள் நின்றுபோனால் எதை அனுப்புவது, எதை அனுப்பக்கூடாது?

காணாமலாக்கப்பட்டோரின் விபரங்களையும் காணி உறுதிகளின் பிரதிகளையும் கணினியில் சேர்த்து வைத்திருக்கும் குடும்பங்களும் சிறு அமைப்புகளும் எங்கள் மத்தியில் உண்டு. இப்படியானவர்களுக்குக் கணினி வேலைகளில் உதவும்போது நான் அடிக்கடி கேட்பது, “தம்பி, எழுதிக்கொண்டிருக்கத் தானாகவே மூடிப்போட்டுது” என்ற முறைப்பாடு. இதை மட்டும் அறிவித்தால் மென்பொருளை உருவாக்கியவர்களால் எதையும் திருத்த முடியாது.

நின்ற கணத்தில் மென்பொருளின் எந்தப் பகுதி எந்தப் பகுதியை அழைத்திருந்தது என்ற வரிசையே அவர்களுக்குத் தேவை. இதனை ‘பெக்ட்ரேஸ்’ என்பார்கள். ஆனால், அளவைக் குறைப்பதற்காக இந்தப் பகுதிகளின் பெயர்களை நீக்கிவிட்டே பெரும்பாலான மென்பொருட்களை வெளியிடுகிறார்கள். அதனால் பெயர்கள் வரவேண்டிய இடத்தில் வெறும் எண்களும் கேள்விக்குறிகளும்தான் தெரியும்.

அந்தப் பெயர்களை மீட்டுத் தருபவை ‘டிபக் சிம்பல்’ எனப்படும் கோப்புகள். டெபியன், உபுண்டு, பெடோரா போன்ற லினக்ஸ் முறைமைகளில் அவை தனியாகக் கிடைக்கின்றன. உங்களிடம் உள்ள மென்பொருளின் அதே பதிப்புக்குரியவையாக அவை இருக்கவேண்டும்; வேறு பதிப்புக்குரியவை பயன்படாது.

மொஸில்லா வெளியிடும் பயர்பொக்ஸில் வேலை இலகு. அறிக்கையை அனுப்பச் சம்மதித்தால் போதும், பெயர்களை மொஸில்லாவின் சேவையகமே பொருத்திக்கொள்ளும். முகவரிப் பட்டையில் ‘அபௌட்:கிராஷஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் உங்கள் அறிக்கையின் இலக்கம் கிடைக்கும். அந்த இலக்கத்துடன் மென்பொருளின் பதிப்பு, கணினியின் இயங்குதளம், நிற்பதற்கு முன் என்னென்ன செய்தீர்கள், ஒவ்வொரு முறையும் அப்படி நிகழ்கிறதா என்பவற்றையும் எழுதுங்கள்.

இனி, எங்களுக்கு முக்கியமான விடயம். ‘கோர் டம்ப்’ என்பது அந்தக் கணத்தில் மென்பொருளின் நினைவகத்தில் இருந்தவற்றின் பிரதி. திறந்திருந்த ஆவணத்தின் பெயர்கள், தொலைபேசி இலக்கங்கள், கடவுச்சொற்கள்கூட அதில் இருக்கலாம். பயர்பொக்ஸ் அறிக்கையிலும் நினைவகத்தின் ஒரு பகுதி சேரும். பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தின் முகவரியைச் சேர்க்கவேண்டாமென நீங்கள் தெரிவுசெய்யலாம். பெக்ட்ரேஸிலும் கோப்புகளின் பெயர்கள் தென்படக்கூடும். வழுக்களை அறிவிக்கும் பக்கங்களில் பல எவரும் வாசிக்கக்கூடியவை.

ஆகவே கோர் டம்ப்பை முழுமையாக அனுப்பாதீர்கள். பெக்ட்ரேஸை வரிவரியாக வாசித்த பின்னரே அனுப்புங்கள். அதைவிடச் சிறந்தது, கற்பனைப் பெயர்களை இட்டு ஒரு புதிய கோப்பைத் தயாரித்து, அதிலும் மென்பொருள் நிற்கிறதா என்று பார்ப்பது. நின்றால், அந்தக் கோப்பையே அனுப்புங்கள். வழுவைத் தேடுபவருக்கு அது போதும். சாட்சி சொன்னவரின் பெயர் உங்களிடமே இருக்கும்.