5 நாளாகியும் காய்ச்சல் விடவில்லையா? குழந்தைகளின் இதய ரத்தக்குழாயைத் தாக்கும் கவாசாகி நோய்: வைரஸ்தான் காரணமா?

‘வைரல் ஃபீவர்தான், ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும்.’ சித்தூர், திருப்பதி பக்கம் மழைக்காலத்தில் எந்த கிளினிக்குக்குப் போனாலும் காதில் விழும் பேச்சு இது. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஐந்து நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை, கண் சிவந்திருக்கிறது, உடம்பெல்லாம் தடிப்பு என்றால் விஷயம் வேறாக இருக்கலாம். ‘அம்மை போட்டிருக்கு’ என்று வேப்பிலை வைத்து வீட்டிலேயே காத்திருக்கும் நாட்களில், குழந்தையின் இதய ரத்தக்குழாய்கள் சேதமாகிக்கொண்டிருக்கலாம். அதுதான் கவாசாகி நோய்.

அது என்ன நோய்?

ஜப்பானிய குழந்தைகள் நல மருத்துவர் டோமிசாகு கவாசாகி, 1961-ல் இந்த நோயுடன் வந்த முதல் குழந்தையைப் பார்த்தார். 1967-ல் 50 குழந்தைகளின் விவரங்களுடன் கட்டுரை வெளியிட்டார். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தியே ரத்தக்குழாய்ச் சுவர்களைத் தாக்கி வீங்க வைக்கிறது. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் 5 வயதுக்கு உட்பட்டவர்கள்.

சிகிச்சை கிடைக்காவிட்டால், ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு, இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாய் பலூன் போல உப்பிவிடும். அங்கே ரத்தம் உறைந்தால், சின்ன வயதிலேயே மாரடைப்பு வரலாம்.

வைரஸுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

‘இந்த வைரஸ்தான்’ என்று ஒன்றைக் கைகாட்ட இன்றுவரை முடியவில்லை. ஆனால் தடயங்கள் நிறைய இருக்கின்றன.

ஜப்பானில் 1979, 1982, 1986 ஆண்டுகளில் இந்த நோய் அலை அலையாக வந்தது. கொரோனா காலத்தில் மாஸ்க், பள்ளி விடுமுறை என்று இருந்தபோது சளி, இருமல் வைரஸ்கள் குறைந்தன. கூடவே கவாசாகியும் குறைந்தது. 2019-ல் 17 ஆயிரத்தைத் தாண்டிய ஜப்பானின் எண்ணிக்கை, 2020-ல் 11 ஆயிரம் அளவுக்கு இறங்கியது.

அதே கொரோனா இன்னொரு முகத்தையும் காட்டியது. 2020-ல் இத்தாலியின் பெர்கமோவில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் 19 குழந்தைகளுக்கு மட்டுமே வந்த கவாசாகி போன்ற பாதிப்பு, இரண்டே மாதத்தில் 10 பேருக்கு வந்தது. அதே ஆண்டு சென்னை காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனை மருத்துவர்களும் இதுபோன்ற ஒரு சிறுவனைப் பற்றி இந்திய மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு இதற்கு ‘எம்.ஐ.எஸ்-சி’ என்று பெயர் வந்தது. இது கவாசாகியேதான் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வைரஸ் போன பிறகும் அது கிளப்பிவிட்ட அழற்சி ரத்தக்குழாயையும் இதயத்தையும் தாக்கும் என்பதை உலகமே பார்த்தது.

இப்போது பல மருத்துவர்கள் ஏற்கும் விளக்கம் இதுதான்: மரபணு ரீதியாக ஏதுவாக இருக்கும் உடல் காய்ந்த வைக்கோல் என்றால், தொற்று ஒரு தீக்குச்சி. நூறு குழந்தைகளுக்கு வரும் அதே சளி, யாரோ ஒரு குழந்தையிடம் மட்டும் பற்றிக்கொள்கிறது. கவாசாகி நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

எதைக் கவனிக்க வேண்டும்?

• 5 நாள் அல்லது அதற்கு மேல் விடாத காய்ச்சல்
• பீளை இல்லாமல் இரண்டு கண்களும் சிவப்பது
• வெடித்துச் சிவந்த உதடு, ஸ்ட்ராபெரி போன்ற நாக்கு
• உடலில் தடிப்பு
• கை, கால் வீக்கம். பிறகு விரல் நுனியில் தோல் உரிவது
• கழுத்தில் ஒரு பக்கம் நெறி கட்டுவது

பி.சி.ஜி ஊசி போட்ட தழும்பு திடீரென்று சிவப்பதும் ஒரு துப்பு. எல்லா அறிகுறிகளும் ஒரே நாளில் வராது. அதனால் தினமும் போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஓரிரு அறிகுறிகள் மட்டுமே தெரியலாம்.

நம்ம பகுதியில் டெங்கு, ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல்களும் உண்டு என்பதால் குழப்பம் சகஜம். டெங்குவில் பிளேட்லெட் குறையும். கவாசாகியில் இரண்டாவது வாரத்தில் பெரும்பாலும் எகிறும். சளிப் பரிசோதனையில் ஒரு வைரஸ் தென்பட்டாலும், ‘அப்போ கவாசாகி இல்லை’ என்று முடிவு கட்ட முடியாது.

10 நாள் ஏன் முக்கியம்?

காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் ஐ.வி.ஐ.ஜி என்ற மருந்தை நரம்பு வழியாகச் செலுத்தினால், குழாய் உப்பும் அபாயம் 25 சதவீதத்திலிருந்து சுமார் 5 சதவீதமாகக் குறைகிறது. இதயத்தின் நிலை எக்கோ ஸ்கேனில் தெரியும். திருப்பதியில் 2021 அக்டோபரில் தேவஸ்தானம் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இதய மருத்துவமனை இருக்கிறது. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி பக்கம்தான்.

ஆஸ்பிரினும் இந்த சிகிச்சையில் உண்டு. ஆனால் மருத்துவர் சொல்லாமல் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். ஃப்ளூ, சின்னம்மை இருக்கும் குழந்தைக்கு அது ஆபத்து. ஐ.வி.ஐ.ஜி போட்ட பிறகு எம்.எம்.ஆர், சின்னம்மை தடுப்பூசிகளைப் பொதுவாக 11 மாதம் தள்ளிப்போடுவார்கள்.

ஐந்தாவது நாளும் காய்ச்சல் அடித்தால், ‘டாக்டர், இது கவாசாகியா இருக்குமா?’ என்று தயங்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை.