ஒரு நகரமே கோழி இல்லாமல் போன கதை!

குழந்தைகளே, 1997ம் ஆண்டு டிசம்பர் கடைசியில் ஹாங்காங் அரசு ஓர் உத்தரவு போட்டது. சந்தையிலும், பண்ணையிலும் இருந்த கோழிகள் அத்தனையும் கொல்லப்பட்டன. சில நாட்களில், 13 லட்சத்துக்கும் மேல்! 'ஐயோ, பாவம்' என்கிறீர்களா? எனக்கும் பாவமாகத் தான் இருக்கிறது. ஆனால், காரணத்தைக் கேளுங்கள்.

அந்த ஆண்டு மே மாதம், அங்கே 3 வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சலில் இறந்து போனான். அவனிடம் இருந்தது ப்ளூ வைரஸ் தான். ஆனால், மனிதர்களுக்கு வரும் எந்த வகையோடும் அது ஒத்துப் போகவில்லை. வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினர். ஆகஸ்டில் விடை வந்தது. 'எச்5என்1' என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ்! கோழிகளைக் கொல்லும் வைரஸ், மனிதனைக் கொன்றதாக உறுதியானது அது தான் முதல் முறை. ஆண்டு முடிவதற்குள் 18 பேருக்கு வந்தது; அவர்களில் 6 பேர் இறந்தனர்.

புது வைரஸ் எப்படிப் பிறக்கிறது? நீங்கள் கரும்பலகையைப் பார்த்து எழுதும் போது பிழை விடுவீர்கள் அல்லவா? வைரசும் தன்னைப் பிரதி எடுக்கும் போது பிழை விடும். அதனால், கொஞ்சம் கொஞ்சமாக மாறும்.

இன்னொரு வழி தான் அதிரடியானது. ப்ளூ வைரசின் மரபணு, 8 துண்டுகளாக இருக்கிறது. சிவப்புத் தாளில் 8 சீட்டு, நீலத் தாளில் 8 சீட்டு வெட்டி, 1 முதல் 8 வரை எண் போடுங்கள். ஒவ்வொரு எண்ணிலும் ஏதாவது ஒரு நிறத்தை எடுங்கள். எத்தனை விதமாக எடுக்கலாம்? 256 விதம்! (கணக்கு வாத்தியார் புத்தி போகுமா?) இரண்டு வகை வைரஸ்கள் ஒரே விலங்கின் ஒரே செல்லுக்குள் நுழைந்தால், இப்படித் தான் துண்டுகள் கலக்கின்றன.

பன்றியின் செல்லில் பறவை வைரசும் நுழையும். மனித வைரசும் நுழையும். 2009ல் உலகம் முழுதும் பரவிய பன்றிக் காய்ச்சல் வைரசில், பறவை, பன்றி, மனிதன் என மூன்று வழியிலும் வந்த துண்டுகள் இருந்தன. நம் உடலுக்கு அது புதுமுகம், எதிர்க்கப் பழகியிருக்கவில்லை.

ஹாங்காங் சந்தைகளில் வாத்து, காடை, கோழி எல்லாம் அருகருகே கூண்டுகளில் இருந்தன. வாத்தின் வைரசும், காடையின் வைரசும் கலந்தே அந்த எச்5என்1 பிறந்திருக்க வேண்டும் என்கின்றனர் விஞ்ஞானிகள். நல்லவேளை, அது மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் பரவவில்லை. ஆனால், அங்கே மனிதர்களின் ப்ளூ காலம் நெருங்கிக் கொண்டிருந்தது. ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்து வந்து, சீட்டு மறுபடி கலைந்தால்? அந்தப் பயத்தில் தான் கோழிகள் பலியாயின. அதன்பின், அந்த முறை நோய் அங்கே புதிதாக எவருக்கும் பரவவில்லை.

வேறிடங்களில் அந்த வைரசின் வம்சம் ஓயவில்லை. 2024ல் அமெரிக்கக் கறவை மாடுகளுக்கும் வந்தது. அதனால், காக்கையோ, கோழியோ செத்துக் கிடந்தால் தொடாதீர்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள். நன்றாக வெந்த முட்டையைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

1998 பிப்ரவரியில் ஹாங்காங் சந்தைக்குக் கோழிகள் திரும்பின. வாத்துகளை மட்டும் உயிரோடு உள்ளே விடவில்லை. சில ஆண்டுகளில் காடைகளுக்கும் கதவு சாத்தப்பட்டது!