நிற்கும் பாலமே பாடம்

தேர்வுத்தாளில் வரும் பாலம் எளியது. அதன் நீளம், அகலம், தாங்க வேண்டிய சுமை ஆகிய அனைத்தும் வினாவிலேயே தரப்பட்டிருக்கும். உத்தரத்தின் அளவைக் கணக்கிட்டு எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆற்றின் குறுக்கே ஐம்பது ஆண்டுகளாக நிற்கும் பாலமோ தன்னைப் பற்றி எதையும் தானாகச் சொல்வதில்லை. அதன் எடை என்ன, எஃகு எவ்வளவு துருவேறியுள்ளது, வரைபடத்தில் உள்ளவாறுதான் கட்டினார்களா என்பனவற்றைப் பார்ப்பவரே கண்டறிய வேண்டும். ஆதலால், கட்டமைப்புப் பொறியியல் பயிலும் மாணவர்க்குப் புதிய பாலத்தை வடிவமைக்கும் பயிற்சியோடு, பயன்பாட்டில் உள்ள பாலம் ஒன்றை மதிப்பிடும் பயிற்சியும் இன்றியமையாததாகிறது.

இப்பயிற்சி பழைய வரைபடங்களில் தொடங்குகிறது. பாலம் கட்டப்பட்டபோது வரைந்தவற்றையும், பின்னர் நிகழ்ந்த பழுதுபார்ப்புகளின் பதிவுகளையும் மாணவர் முதலில் படிக்கின்றனர். பிறகு அளவுநாடாவுடன் பாலத்தின் அடிப்பகுதிக்குச் செல்கின்றனர். மேலே நடப்பவர்க்குப் பாலம் ஒரு சாலைதான். அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதே அது கட்டமைப்பாகத் தெரியும். வண்டியின் எடை சாலைத்தளத்திலிருந்து உத்தரங்களுக்குச் சென்று, தாங்கிகள் வழியாகத் தூண்களை அடைந்து, அடித்தளத்தின் மூலம் மண்ணைச் சேர்கிறது. இவ்வழியை விரலால் தொடர்ந்து காட்டுமாறு கேட்பது நல்ல ஆசிரியரின் முதல் வினா. விரல் எங்குத் தயங்குகிறதோ அங்கிருந்து பாடம் தொடங்கும்.

அடுத்து, கண்ணுக்கும் காதுக்கும் வேலை. கான்கிரீட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் உறுதியான இடம் கணீரென ஒலிக்கும். உள்ளே கம்பி துருவேறிப் பருத்து, மேற்பரப்பு பிரிந்திருக்கும் இடம் பொத்தென ஒலிக்கும். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோர் நெடுங்காலமாகக் கையாளும் முறைதான் இது. விரிசல்களும் பேசும். உத்தரத்தின் நடுவில் கீழிருந்து மேல்நோக்கி எழும் விரிசல், உத்தரம் வளைவதால் வருவது. தாங்கியின் அருகே சாய்வாக ஓடும் விரிசல், உத்தரத்தைக் குறுக்கே வெட்ட முயலும் விசையால் வருவது. இவ்விரண்டாவதைக் கண்டால் அனுபவமிக்க பொறியாளர் நிதானமாகக் கடந்து செல்லமாட்டார்.

பிறகே கணக்கு. ஓர் உறுப்பு தாங்கக்கூடிய விசையை 100 பங்கு எனக் கொள்வோம். பாலத்தின் சொந்த எடைக்கு 70 பங்கு செலவானால் வண்டிகளுக்கு மீதம் 30. வண்டிகளால் வருவது 25 என்றால் 30ஐ 25ஆல் வகுக்கக் கிடைப்பது 1.2, பாலம் தாங்கும். சாலையைப் புதுப்பிக்க மேலே ஓர் அடுக்கு கான்கிரீட் இடப்பட்டுச் சொந்த எடை 80 பங்காக உயர்ந்தால் மீதம் 20தான். விகிதம் 0.8 ஆகிவிடுகிறது. வண்டிகளின் எடை சிறிதும் கூடவில்லை. எனினும் அதே வண்டிகளுக்கு அதே பாலம் போதாததாகிவிட்டது. பழுதுபார்ப்புப் பதிவுகளைப் படிக்கச் சொல்வதன் காரணம் இங்கேதான் விளங்கும்.

எந்தெந்த உறுப்புக்கு இக்கணக்கைச் செய்வது என்பது அதைவிடக் கடினமான கேள்வி. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மீது 1967இல் திறக்கப்பட்ட எஃகுச் சட்டகப் பாலம் இதற்குத் துயரமான சான்று. 2007 ஆகஸ்டு 1 அன்று, மாலை நெரிசல் நேரத்தில் அது இடிந்து விழுந்தது. 13 பேர் உயிரிழந்தனர்; 145 பேர் காயமுற்றனர். சட்டகத்தின் கம்பங்கள் ஒன்றுகூடும் இடங்களில் அவற்றை இருபுறமும் பிணைத்து நிறுத்துபவை எஃகு இணைப்புத் தகடுகள். அவற்றுள் சில அரை அங்குலத் தடிமனே கொண்டிருந்தன. தேவையானதில் ஏறத்தாழப் பாதி. பிழை துருவினால் வந்ததன்று; வடிவமைப்பிலேயே இருந்தது.

அப்பாலத்தை எவரும் பார்க்காமல் விட்டுவிடவில்லை என்பதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. இறுதிக் காலத்தில் ஆண்டுதோறும் ஆய்வு நடந்தது. 2003இல் எடுத்த ஒளிப்படங்களிலேயே தகடுகள் வளைந்திருப்பது தெரிகிறது. சுமை தாங்கும் திறனை மதிப்பிட்டவர்கள் கம்பங்களுக்குக் கணக்கிட்டனர், தகடுகளுக்குக் கணக்கிடவில்லை. தகடு கம்பத்தைவிட வலியதாகவே இருக்கும் என்று கருதுவது அக்காலத்து வழக்கம். இதற்கிடையே 1977இல் சாலைத்தளத்தின் மீது 2 அங்குலக் கான்கிரீட் அடுக்கு சேர்ந்தது. விபத்து நாளன்று பழுதுபார்ப்புக்கான சுமார் 260 டன் பொருள்களும் கருவிகளும் பாலத்தின் மேல் குவிக்கப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டே, இணைப்புத் தகடுகளையும் மதிப்பீட்டில் சேர்க்குமாறு அந்நாட்டு நெடுஞ்சாலைத் துறை மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

பயிற்சியின் முடிவில் மாணவர் ஓர் அறிக்கை எழுதுகின்றனர். பாலத்தைத் திறந்தே வைக்கலாமா, எடைக்கு வரம்பு விதிக்க வேண்டுமா, மூடிவிட வேண்டுமா என்று அதில் கூறியாக வேண்டும். கணக்கில் தேர்ந்தவர்களும் இங்கே தடுமாறுகின்றனர். திறந்து வைத்தால் உயிர்கள் பொறுப்பில் இருக்கின்றன. மூடினால் அக்கரையிலுள்ள ஊர்களுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் தொலைவாகிவிடுகின்றன. பாடநூலின் பின்பக்கத்தில் இதற்கு விடை இராது.

நம் பாம்பன் தொடர்வண்டிப் பாலம் இத்தகைய முடிவைச் சந்தித்தது. 1914இல் திறக்கப்பட்ட அது, உப்புக்காற்றில் நூறாண்டுகளுக்கு மேல் உழைத்தது. 1964 புயலில் சிதைந்தும் சீரமைக்கப்பட்டு மீண்டும் பயன்பட்டது. கப்பல்களுக்கு வழிவிடத் திறக்கும் அதன் தூக்குப் பகுதியின் நிலையைக் கருதி, 2022 டிசம்பரில் அதன்மீது தொடர்வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அருகிலேயே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்படும் வரை, இராமேசுவரம் செல்லும் பயணியர் மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ இறங்கி, சாலைப் பாலத்தின் வழியே தீவை அடைந்தனர்.