சமையலறை டைல்ஸ் கழன்று விழுவது ஏன்? தேர்வு முதல் பதிப்பு வரை கவனிக்க வேண்டியவை

சமையலறையில் அடுப்புக்குப் பின்னுள்ள சுவரில் பதிக்கப்படும் டைல்ஸ் பல ஆண்டுகள் நீடிக்க வேண்டியவை. ஆனால், சில வீடுகளில் அவை ஓரிரு ஆண்டுகளிலேயே சுவரை விட்டுக் கழன்றுவிடுகின்றன. எண்ணெய் கொதிக்கும் வாணலியில் ஒரு டைல் விழுந்தால், பாதிப்பு பண இழப்போடு நிற்காது. இதற்கு எப்போதும் டைல்ஸின் தரக்குறைவே காரணம் என்று கூற இயலாது. சந்தைக்கு வரும் டைல்ஸின் தன்மை மாறிவிட்ட நிலையில், அதைப் பதிக்கும் முறை பல இடங்களில் மாறாமல் இருப்பதும் முக்கியக் காரணமாகும்.

நீரை உறிஞ்சும் தன்மை

இந்தியாவில் விற்பனையாகும் செராமிக் டைல்ஸின் பெரும்பகுதி குஜராத் மாநிலம் மோர்பியில் உள்ள ஆலைகளில் தயாராகிறது. வண்ணமும் வடிவமும் எண்ணற்றவை என்றாலும், சுவரில் அவை நிலைத்து நிற்பதைத் தீர்மானிப்பது முதன்மையாக ஒரே பண்புதான். டைல் எவ்வளவு நீரை உறிஞ்சும் என்பதே அது. செராமிக் டைல்ஸுக்கான இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘ஐஎஸ் 15622’ தரநிலையும் இப்பண்பின் அடிப்படையிலேயே அவற்றை வகைப்படுத்துகிறது.

சுவருக்கென்றே தயாராகும் வழக்கமான செராமிக் டைல்ஸ், தன் எடையில் 10 சதவீதத்துக்கும் அதிகமான நீரை உறிஞ்சக்கூடியது. விட்ரிஃபைட் டைல்ஸ் உறிஞ்சுவதோ 0.5 சதவீதத்துக்கும் குறைவு. பெட்டியில் உள்ள விவரம் புரியாவிட்டால் எளிய சோதனை ஒன்று உண்டு. டைலைத் திருப்பி வைத்து, அதன் பின்புறத்தில் சில துளி நீர் விட வேண்டும். சிறிது நேரத்தில் நீர் உள்ளே இறங்கிவிட்டால் அது நுண்துளைகள் மிகுந்த சுவர் டைல். நீர் அப்படியே முத்தாக நின்றால் அது விட்ரிஃபைட்.

சிமென்டா, பசையா?

இந்த வேறுபாடுதான் பதிக்கும் முறையைத் தீர்மானிக்கிறது. சுவர் டைல்ஸை நீரில் ஊறவைத்து, சிமென்ட் பாலைப் பூசிப் பதிப்பது கொத்தனார்களின் நெடுங்கால வழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. ஊறாத டைல், சிமென்ட் இறுகுவதற்குத் தேவையான நீரைத் தானே உறிஞ்சிவிடும். ஊறிய டைலின் நுண்துளைகளிலோ சிமென்ட் புகுந்து பிடித்துக்கொள்ளும்.

விட்ரிஃபைட் டைல்ஸுக்கு இம்முறை பொருந்தாது. சிமென்ட் புகுவதற்கு அதில் போதிய துளைகள் இல்லை. எனவே சிமென்ட், டைலின் மீது ஒரு படலமாக மட்டுமே ஒட்டியிருக்கும். அடுப்பின் வெப்பத்தால் டைல் விரிந்து சுருங்கும்போதும், சிமென்ட் பூச்சு உலர்ந்து சுருங்கும்போதும் அந்தப் பிடி விடுபடுகிறது.

இதற்காகவே பாலிமர் கலந்த டைல்ஸ் பசை பயன்படுத்தப்படுகிறது. அதற்கான தரநிலை ‘ஐஎஸ் 15477’. எந்த வகை டைலுக்கு எந்த வகைப் பசை ஏற்றது என்பது பசை மூட்டையின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். பசை பூசும்போது டைலை நீரில் ஊறவைக்கக் கூடாது. ஊறவைத்தால் பின்புறத்தில் தங்கும் ஈரம் பசையின் பிடிப்பைக் குறைத்துவிடும். ஒரு முறையில் கட்டாயமாக இருப்பது மற்றொரு முறையில் தவறாகிவிடுகிறது.

மேற்பரப்பும் அளவும்

எந்த மாநிலச் சமையலானாலும் எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் கறையும் தவிர்க்க இயலாதவை. வழவழப்பான மேற்பரப்பில் ஈரத் துணியால் துடைத்தாலே பிசுக்கு நீங்கும். சொரசொரப்பான, புடைப்பு வேலைப்பாடுள்ள டைல்ஸில் அது படிந்துவிடும். பளிங்குக் கல் அழகானது என்றாலும், அதன் முதன்மைப் பொருள் கால்சியம் கார்பனேட். எலுமிச்சை, புளி போன்றவற்றின் அமிலம் பட்டால் அதன் பளபளப்பு மங்கிவிடும்.

அளவையும் கருத்தில் கொள்ள வேண்டும். 3 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் உயரமும் உள்ள சுவரின் பரப்பு 1.8 சதுர மீட்டர். 300-க்கு 600 மில்லிமீட்டர் அளவுள்ள டைல் என்றால் 10 போதும். 75-க்கு 150 மில்லிமீட்டர் அளவுள்ள சிறிய டைல் என்றால் 160 தேவை. எண்ணிக்கை கூடக்கூட அழுக்கு சேரும் இணைப்புகளும் கூடும்.

வெட்டும்போது உடைவதை ஈடுசெய்யச் சுமார் 10 சதவீதம் கூடுதலாக வாங்குவது வழக்கம். எல்லாப் பெட்டிகளிலும் ஒரே தயாரிப்பு எண் இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். ஒரே வடிவமைப்பாயினும், வெவ்வேறு சமயங்களில் சூளையிலிருந்து வந்த டைல்ஸின் நிறம் சற்றே மாறுபடலாம்.

பதிக்கும்போது

சுவரில் உள்ள சுண்ணாம்பையும் பெயின்டையும் முதலில் சுரண்டி நீக்க வேண்டும். இல்லாவிடில் டைல் பெயின்டைப் பிடிக்குமே தவிர, சுவரைப் பிடிக்காது. புதிய சிமென்ட் பூச்சு நன்கு இறுகி உலர்ந்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும். முதல் வரிசையை ரசமட்டம் வைத்துச் சரிபார்ப்பது அவசியம். அதில் நேரும் சிறு சாய்வு, மேலே செல்லச் செல்லப் பெரிதாகத் தெரியும்.

டைலின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் மட்டும் கலவையை உருண்டையாக வைத்து அழுத்தும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. இடையே உண்டாகும் வெற்றிடம் பிடிப்பைக் குறைப்பதோடு, கரப்பான்பூச்சிகளின் புகலிடமாகவும் மாறக்கூடும். பற்கள் கொண்ட கரணையால் பசையைச் சீராகப் பரப்பினால் டைலின் பின்புறம் முழுவதும் சுவரோடு ஒட்டும்.

டைல்ஸை வெட்டும்போது எழும் புழுதியில் சிலிகா உள்ளது. அதைத் தொடர்ந்து சுவாசிக்கும் தொழிலாளர்களுக்குக் குணப்படுத்த இயலாத சிலிகோசிஸ் நுரையீரல் நோய் ஏற்படும் அபாயம் உண்டு. நீர் விட்டு வெட்டுவது புழுதியைக் குறைக்கும். தகுந்த முகக்கவசமும் அவசியம்.

இணைப்புகளில் கவனம்

டைல்ஸுக்கு இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதை கிரவுட் கொண்டு நிரப்ப வேண்டும். சிமென்ட் கிரவுட் விலை குறைவு. ஆனால், மஞ்சளையும் எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்ளும். எபாக்ஸி கிரவுட் கறையை ஏற்காது. எனினும், விலை அதிகம். இறுகுவதற்குள் டைலின் மேற்பரப்பைத் துடைத்துவிட வேண்டும் என்பதால் பழகிய கைகள் தேவை. செலவைக் குறைக்க விரும்புவோர், அடுப்பையும் தண்ணீர்த் தொட்டியையும் ஒட்டிய பகுதிக்கு மட்டுமாவது இதைப் பயன்படுத்தலாம்.

சமையல் மேடையும் சுவரும் சேரும் இடத்தில் கிரவுட் விரைவில் வெடித்துவிடும். அங்கு நெகிழும் தன்மையுள்ள சிலிகான் பூசுவதே ஏற்றது. பணி முடிந்ததும் கறையை நீக்க அமிலம் ஊற்றுவதைத் தவிர்க்க வேண்டும். அது சிமென்ட் கிரவுட்டை அரித்துவிடும்.

பசை இறுகிய பின், இறுதித் தொகையைக் கொடுப்பதற்கு முன்பாக, ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டிப் பார்ப்பது நல்லது. கெட்டியான ஒலி வந்தால் பின்புறம் நிரம்பியுள்ளது எனக் கொள்ளலாம். வெற்றொலி கேட்கும் டைலை அப்போதே எடுத்துப் பதிக்கச் சொல்ல வேண்டும். அடுப்பு எரியத் தொடங்கிய பின் அதைச் செய்வது கடினம், செலவும் கூடுதல்.